ஓட்ட ஷூவைத் தெருவோரத்தில் தைக்கக் கொடுக்கலாமா? மூன்று முறை கொடுத்தவன் சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஷூ விமர்சனம் இல்லை. ஷூவைப் பழுது பார்த்துத் தருகிற ஒரு கடையைப் பற்றியது. கடை என்றுகூடச் சொல்ல முடியாது. கோவை டவுன்ஹாலில் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்து முனை, எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு ஷட்டர், அதற்கு முன்னால் பெரிய கறுப்புக் குடை, மரப்பெட்டி, ஷூவைக் கவிழ்த்து மாட்டி அடிக்கிற இரும்புக் கால், அவ்வளவுதான். பெயர்ப் பலகை இல்லை. விலைப்பட்டியல் இல்லை. உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு, அதன் மேல் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய ஸ்கூல் பேக் இருக்கும்.

நான் பெரிய ஓட்டக்காரன் எல்லாம் இல்லை. 41 வயது, கணக்கு எழுதுகிற வேலை, நாள் முழுக்க நாற்காலி. ஆபீஸ் நண்பன் ஒருவன் 10 கிலோமீட்டருக்கு என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அன்றைக்குக் காலையில் அவன் வராமல் போனதில் ஆரம்பித்தது. அதற்கப்புறம் மூன்று அரை மாரத்தான். போன வருடம்தான் முழுசாக ஒன்று, அதாவது 42.195 கிலோமீட்டர், ஓடிப் பார்த்துவிடலாம் என்று மும்பைக்குப் பெயர் கொடுத்தேன். ஜனவரி மூன்றாவது ஞாயிறு, பொங்கல் முடிந்த கையோடு. செப்டம்பரில் பயிற்சி தொடங்கினால் சரியாக இருக்கும் என்றார்கள், தொடங்கினேன்.

வாரத்துக்கு 50 கிலோமீட்டர். நாலு மாதத்தில் 800-ஐ எட்டும். ஒரு ஓட்ட ஷூவின் ஆயுள் பொதுவாக 500-லிருந்து 800 கிலோமீட்டர் என்று சொல்வார்கள், ஆளின் எடை, ஓடும் விதம், ரோடு இவற்றைப் பொறுத்துக் கூடும் குறையும். என் ஷூ 9,000 ரூபாய். நடுவாக 700 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 ரூபாய். மைலேஜ் பார்த்தால் ஸ்கூட்டியே தேவலை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் பழைய ஜோடியை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் போனேன்.

அந்த ஜோடியில் மூன்று கோளாறு. குதிகால் உள்பக்கத் துணி கிழிந்து உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே வந்து, அதற்கும் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் விளிம்பு தோலில் உரசிக்கொண்டிருந்தது. 15 கிலோமீட்டர் தாண்டினால் சாக்ஸில் ரத்தக் கறை. இரண்டாவது, இடது பெருவிரல் வலைத்துணியைக் குத்தி எட்டிப் பார்த்தது. மூன்றாவதுதான் பெரியது. வலது ஷூ குதிகாலின் வெளி ஓரத்தில் கறுப்பு ரப்பர் முழுவதும் தேய்ந்து வெள்ளை ஃபோம் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்து தைக்கிற அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஷூவை வாங்கினார், இரண்டையும் இரும்புக் கால் பக்கத்தில் இருந்த பலகையில் வைத்தார், தலையைச் சாய்த்துப் பின்னாலிருந்து பார்த்தார். இடது நேராக நின்றது. வலது வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது, குடித்துவிட்டு நிற்கிற ஆள் மாதிரி.

"ஏனுங் சார், ரோட்டுல எப்பவுமே ஒரே பக்கமாத்தான் ஓடுவீங்களா?"

ஆமாம். ரேஸ்கோர்ஸ் சுற்றுதான் வார நாட்களில் என் ஓட்டம். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், எட்டுச் சுற்று அடித்தால் 20. நடைபாதையில் காலை ஐந்தரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும், குடும்பம் குடும்பமாகக் கை கோத்து நடப்பார்கள், அதனால் ரோட்டில் இறங்கி எதிரே வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாகவே ஓடுவேன். திசையை மாற்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேரூர் வழியாகச் சிறுவாணி ரோட்டில் நீளமான ஓட்டம், அங்கேயும் போகும்போதும் வரும்போதும் வலது ஓரம்தான்.

"மழைத் தண்ணி வடியறதுக்கு ரோட்டை நடுவுல மேடா வெச்சு ரெண்டு பக்கமும் சரிச்சு உடுவாங்க. நீங்க சரிவுலயே ஓடறீங்க. வலது காலு பள்ளத்துல, எடது காலு மேட்டுல. அப்புறம் எப்படிச் சமமாத் தேயும்?"

இதற்கு முன்னால் ஒரு பெரிய மாலில் இருக்கும் கடையில் என் ஓட்டத்தை ஆராய்ச்சி செய்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடித் தட்டு மேல் நிற்க வைத்தார்கள், டிரெட்மில்லில் பத்து வினாடி ஓட விட்டார்கள், சிவப்பும் பச்சையுமாக என் பாதத்தின் படம் திரையில் வந்தது, கடைசியில் 14,000 ரூபாய் ஷூ ஒன்று வந்தது. அது அரை சைஸ் சின்னது. நீண்ட தூரம் ஓடினால் பாதம் வீங்கும், விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது, விற்றவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. எங்கே ஓடுகிறாய், எந்தப் பக்கம் ஓடுகிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கடை எது என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.

அதற்காக டவுன்ஹால் அண்ணனைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. முதல் தடவை அவர் செய்த வேலையில் பாதி சொதப்பல். தேய்ந்த குதிகாலில் கட்டி ரப்பர் வெட்டி ஒட்டினார். ஃபோமில் தையல் போட்டால் நூல் அதை அறுத்துக்கொண்டு போய்விடும் என்று வெறும் சொல்யூஷன் தடவி, காய வைத்து, சுத்தியால் தட்டித்தான் ஒட்டினார். ஒட்டு என்னவோ அருமை, கடைசி வரை பிரியவில்லை. ஆனால் வலது பக்கம் தேய்மானம் அதிகம் என்பதால் அங்கே கனமான துண்டு, இடது பக்கம் மெலிசு. வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 272 கிராமாக இருந்த வலது ஷூ 311 ஆகியிருந்தது. ஃபோம் பழசாகி அமுங்கிப் போயிருக்க, அதற்குக் கீழே கல் மாதிரி ரப்பர். இரண்டு வாரத்தில் இடுப்பில் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஒரு கால் உயரம், ஒரு கால் குட்டை என்று ஓடினால் இழுக்காமல் என்ன செய்யும்?

குதிகால் உள்பக்கத்துக்கு ரெக்சின் வைத்திருந்தார், அதுவும் சரிப்படவில்லை. ரெக்சின் வியர்வையை உறிஞ்சாது. எட்டாவது கிலோமீட்டரில் குதிகால் வழுக்க ஆரம்பித்து, பத்தில் சூடு பிடித்து, பன்னிரண்டில் கொப்புளம்.

விரல் ஓட்டை மட்டும் முதல் தடவையே பிரமாதம். ஸ்கூல் பேக்கில் தண்ணீர் பாட்டில் வைக்கிற வலைப் பை இருக்குமே, அதிலிருந்து ஒரு சதுரம் வெட்டி உள்பக்கமாக வைத்துச் சுற்றித் தைத்தார். காற்றும் போகிறது, விரலும் தெரியவில்லை. (ஸ்டூல் மேல் எப்போதும் ஏன் ஒரு பேக் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.)

இரண்டாம் தடவை கொஞ்சம் கோபத்தோடுதான் போனேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஷூவை வாங்கி, பக்கவாட்டில் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கவே இல்லை. பக்கத்தில் ஓடிய மடிப்புக் கோடுகளைக் காட்டினார். "இது செத்த சோலுங்க. அன்னைக்கே நாஞ் சொல்லியிருக்கோணும்" என்றார். ஒட்டிய ரப்பரைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, அதற்கு வாங்கிய 150 ரூபாயைத் திருப்பி நீட்டினார். இந்த ஊரில் ஒரு கடையில் பணத்தைத் திருப்பி வாங்கி எனக்குப் பல வருடம் ஆகிறது.

அப்புறம் குதிகால் உள்பக்கம். ரெக்சினைப் பிரித்துவிட்டு, கைக்குட்டை மாதிரி மெலிசான தோல் ஒன்றை எடுத்தார், லேடீஸ் செருப்புக்கு உள்ளே போடுவதாம். அதை ஷூவின் மேல் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக மடித்து, தையலை முழுக்க வெளியே வருகிற மாதிரி போட்டார். உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒரு மேடு கிடையாது, ஒரு முடிச்சு கிடையாது. இரண்டு ஷூவுக்கும் சேர்த்து 120 ரூபாய். வேலை நடக்கும்போதே திட்டும் விழுந்தது. நாடாவை அவிழ்க்காமல் ஒரு காலால் மற்ற காலின் குதியை மிதித்து உதறிக் கழற்றுகிறேனாம், அதனால்தான் அந்த இடம் கிழிகிறதாம். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். பின்பக்கம் வெளியே இருந்த மிதித்த அழுக்கைக் காட்டினார்.

ஷூவின் மேலே கணுக்காலை ஒட்டி எதற்கு ஒரு ஓட்டை கூடுதலாக இருக்கிறது, யாருமே அதில் நாடாவைக் கோக்கிறதில்லையே என்று அவர் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்தக் கடைசி ஓட்டையில் நாடாவை அதே பக்கமாக விட்டு ஒரு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் ஆடாது. செய்து காட்டினேன். இரண்டு முறை அவிழ்த்து அவரே கட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் 'சார்' போய் 'தம்பி' வந்துவிட்டது.

வெறுங்காலோடு ஓடினால் இந்தத் தொல்லையே இல்லையே தம்பி என்றும் ஒரு நாள் கேட்டார். சிவ்நாத் சிங் கதையைச் சொன்னேன். வெறுங்காலோடு ஓடிப் பேர் வாங்கியவர், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தவர், 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது வருடத்துக்கு மேல் வேறு எந்த இந்தியராலும் தொட முடியவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாரும் அப்பிடி ஓட ஆரம்பிச்சிட்டா நான் எங்கீங் போறது?" என்றார்.

அந்தப் பழைய ஜோடியைப் பயிற்சிக்கு மறுபடி எடுக்கவில்லை. குதிகால் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஃபோம் செத்த பிறகு மேலே பட்டு வைத்துத் தைத்தாலும் பயன் இல்லை. இப்போது அது மார்க்கெட் போக. அக்டோபரில் புது ஜோடி வாங்கினேன், அரை சைஸ் பெரியது, இந்த முறை எந்தக் கண்ணாடித் தட்டிலும் ஏறவில்லை. 60 கிலோமீட்டர் ஓடிய உடனே, கிழிவதற்கு முன்பே, அதை அண்ணனிடம் கொண்டுபோய் அதே மெலிசுத் தோலைக் குதிகாலில் வைக்கச் சொன்னேன். புது ஷூவில் கத்தி வைக்க அவருக்கு மனசே வரவில்லை. மூன்றாவது முறை இது. டிசம்பரில் 28, 30, 32 என்று மூன்று நீண்ட ஓட்டம், ஒரு கொப்புளம் இல்லை. ரேஸ்கோர்ஸில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திசையை மாற்றி ஓட ஆரம்பித்தேன், தெரிந்த முகங்கள் எல்லாம் எதிரே வந்து என்ன சார் இன்னைக்கு ரிவர்ஸ் என்று கேட்டார்கள்.

மும்பைக்குக் குர்லா எக்ஸ்பிரஸில் போனேன். ஷூவைப் பெட்டியில் வைக்கவில்லை, காலிலேயே. சிஎஸ்எம்டி ஸ்டேஷன் எதிரே விடியாத இருட்டில் கிளம்பி, மரைன் டிரைவ், பெட்டர் ரோடு மேடு, ஹாஜி அலி, அப்புறம் கடல் மேல் பாலம். பாந்திரா வோர்லி பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க, காலடியில் அரபிக் கடல் இருக்க, எனக்கு இறக்கை முளைத்துவிட்ட மாதிரி கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று போய்த் தொலைத்தேன். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தை விட வேகமாகப் போகக் கூடாது என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனவன் நான். திரும்பி வருகிற வழியில், 35-வது கிலோமீட்டர் வாக்கில், அதே பெட்டர் ரோடு மேடு. காலையில் அது மேடாகவே தெரியவில்லை, இப்போது மருதமலைப் படி மாதிரி நின்றது. ஓரத்தில் யாரோ ஒரு பாட்டி ஆரஞ்சுச் சுளையை வாயிலேயே ஊட்டிவிட்டார், மராத்தியில் என்னமோ சொன்னார், புரியவில்லை, அழுகை வந்துவிட்டது. 37-ல் நாடாவைச் சரிசெய்யக் குனிந்ததும் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, யாரோ ஒரு போலீஸ்காரர் தூக்கி நிறுத்தினார்.

முடித்தது 4 மணி 52 நிமிடம். நினைத்தது நாலரையை ஒட்டி. நிமிடத்துக்கு 165 காலடி என்று கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 48,000 காலடி, ஒரு குதிகால் 24,000 தடவை அந்தத் தோலில் உரசியிருக்கும். ஓட்டம் முடிந்து நடைபாதையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். குதிகால் இரண்டும் வெளுத்துச் சுருங்கி இருந்தன, தோல் எங்கும் கிழியவில்லை. தோற்றது தொடையும் மூளையும்தான். ஷூவின் மேல் பழி போட இடமே இல்லாமல் செய்துவிட்டார் மனுஷன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குதிகால் உள்பக்கம், விரல் ஓட்டை, பிரிந்து வருகிற ஓரம் இதெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். உள்ளே ரெக்சின் வேண்டாம், மெலிசுத் தோல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடி ரப்பர் மாற்றச் சொல்லாதீர்கள், அவரே இப்போது ஓட்ட ஷூ என்றால் வேண்டாம் என்கிறார். கூலி முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது, பேரம் பேசினால் குறைப்பார், ஆனால் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலை பத்து மணிக்கு மேல்தான் குடை விரியும், மழை பெய்தால் ஆள் இருக்க மாட்டார். முக்கியமாக, ஷூவைத் துவைத்துக் காய வைத்துக் கொண்டு போங்கள். மனுஷன் அதை மடியில் வைத்துத்தான் தைக்கிறார்.