ஏழரை ஹெட்போனுக்கு, ஏழரை ஆம்ப்புக்கா?

கையில் 15,000 ரூபாய். "ஏழரை ஹெட்போனுக்கு, ஏழரை ஆம்ப்புக்கு. சரியா வரும்லா அத்தான்?" என்று கேட்டான் மாமா மகன். ஏழரை என்றாலே நமக்கு ஆகாது, இந்த விஷயத்தில் சுத்தமாக ஆகாது. காதில் விழும் சத்தத்தின் குணத்தை முக்கால்வாசி தீர்மானிப்பது ஹெட்போன்தான். ஆம்ப் என்கிற ஆம்ப்ளிஃபயரின் வேலை, அந்த ஹெட்போன் கேட்கிற மின்சாரத்தைக் குறையில்லாமல் கொடுப்பது. அதனால் முதலில் ஹெட்போன். அது எவ்வளவு கேட்கிறதோ அந்த அளவுக்கு ஆம்ப், கேட்காவிட்டால் ஆம்ப்பே வேண்டாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்து மூன்றை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ், சென்ஹைசர் எச்டி 560எஸ், ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. நான்காவதாக பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் மின்தடை கொண்ட வகை, நண்பரிடம் இரவல். சோதனைக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாதஸ்வரம். 1964-லேயே மறைந்துவிட்டவர் என்பதால் கிடைப்பவை பழைய மோனோ பதிவுகள், இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் வரும். இன்னொன்று, ஒரு கோயில் கொடையில் சின்ன ரெக்கார்டரை வைத்து நானே ஸ்டீரியோவில் பிடித்த வில்லுப்பாட்டு.

ஓம் கணக்கைப் பேசாமல் மேலே போக முடியாது. எங்கள் தெருவில் ரேடியோ செட் வைத்திருக்கும் அண்ணாச்சி, ஊர் ஊராகக் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர், "ஓம்ஸ் மேட்ச் ஆகணும்டே, இல்லன்னா யூனிட் போயிரும்" என்றார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்பில் 8 ஓம், 16 ஓம் என்று பார்த்து வயர் கொடுக்கும் அவர் தொழிலுக்கு அது சரி. ஹெட்போனில் கதை வேறு. ஆம்ப்பின் வெளியீட்டு ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். பார்க்க வேண்டிய இன்னொரு எண் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்பது.

பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வரைக்கும் திணறாமல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் அந்தச் சத்தத்தில் கேட்பதற்கு இல்லை, தவில் ஒரு அடி ஓங்கி விழும்போது தேவைப்படும் சேமிப்பு. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எம்40எக்ஸ் 35 ஓம், 98 டெசிபல். அதற்கு முக்கால் வோல்ட் போதும். எச்டி 560எஸ் 120 ஓம், ஆனால் ஒரு வோல்ட்டிலேயே 110-ஐத் தொட்டுவிடும். எச்இ400எஸ்இ வெறும் 25 ஓம்தான். ஓம் குறைவு, போனே ஓட்டிவிடும் என்று பலர் ஏமாறுவது இங்கேதான். சென்சிடிவிட்டி 91 டெசிபல், ஆகவே 80 மில்லிவாட் கேட்கும். வோல்ட் 1.4தான், கரண்ட் 56 மில்லிஆம்பியர். டிடி 990-க்கு நேர்மாறு: 10 மில்லிஆம்பியர் போதும், வோல்ட் இரண்டரை வேண்டும். தண்ணீர்க் கணக்கில் சொன்னால், ஒன்றுக்குக் குழாய் பெரிதாக இருக்க வேண்டும், இன்னொன்றுக்குத் தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும்.

எம்40எக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடிய வகை, வெளிச்சத்தம் ஓரளவு அடங்கும், ஆம்ப் செலவு மிச்சம். தெருவில் கொடை நடந்து குழாய் அலறும் நாளில் இதைத் தவிர மற்ற மூன்றும் சும்மாதான் கிடந்தன. குறை, காது மெத்தை. ரெக்சின் மாதிரியான உறை. நம் ஊர் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வியர்வை ஓடும். இரண்டு கோடை தாண்டினால் மெத்தை கறுப்புச் செதிலாக உதிர்ந்து கழுத்தில் ஒட்டும். மாற்று மெத்தை வாங்கலாம், அந்தப் பணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

உண்மையான போட்டி எச்டி 560எஸ்ஸுக்கும் எச்இ400எஸ்இக்கும்தான். இரண்டுமே திறந்த வகை. காற்று போகும், காது வேகாது. அதே வழியாக ஃபேன் சத்தமும் உள்ளே வரும். ஐந்தில் சுற்றும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து கேட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வீண். ஃபேனை மூன்றுக்குக் குறைத்துவிட்டு நாற்காலியை ஓரமாகப் போட்டுக்கொண்டேன்.

நாதஸ்வரத்தில் எச்டி 560எஸ் முந்தியது. சீவாளியின் கூர்மை, மூச்சு எடுக்கும் இடம், எல்லாம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பழைய பதிவின் இரைச்சலும் கூடவே வரும். எச்இ400எஸ்இ அதே வாசிப்பை இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து கேட்பது போலத் தந்தது. நீண்ட நேரத்துக்கு அது சுகம், ஆனால் காருகுறிச்சியாரை ஏன் பின்வரிசையிலிருந்து கேட்க வேண்டும்? திறந்த ஹெட்போனில் மேடை விரியும் என்பார்கள். மோனோ பதிவில் விரிய ஒன்றுமில்லை, இரண்டிலும் சத்தம் மண்டைக்கு நடுவில்தான்.

வில்லுப்பாட்டுக்கு வந்ததும் தராசு சாய்ந்தது. எச்இ400எஸ்இ பிளானார் வகை, மெல்லிய சவ்வு முழுவதும் ஒரே சீராக அசையும். குடத்தின் வாயில் தட்டும்போது எழும் அந்தக் 'கும்' அதில் அடிவரை இறங்கி உருண்டையாக நின்றது. வீசுகோல் நாணில் பட்டதும் மணிகள் குலுங்குவது இடமும் வலமும் தனித்தனியாகத் தெரிந்தது. 560எஸ்ஸில் குடம் சுத்தமாகவே கேட்டது, கனம்தான் ஒரு பிடி குறைவு. ஆனால் எடையில் கனம் மற்றதற்கு. எச்இ400எஸ்இ 390 கிராம், 560எஸ் 240. முழு இரவுக் கதையை உட்கார்ந்து கேட்டபோது உச்சந்தலை அந்த 150 கிராமை எண்ணிக்கொண்டே இருந்தது.

டிடி 990-ஐ நாதஸ்வரத்துக்கு வாங்காதீர்கள். மேல் ஸ்தாயியில் அதற்கு ஒரு தூக்கல் உண்டு, நாலாவது நிமிடத்தில் பல் கூசும். ஆம்ப்பும் சேர்த்தால் நம் பட்ஜெட்டையும் தாண்டும்.

சரி, ஆம்ப். 560எஸ்ஸுக்கு ஆப்பிளின் சின்ன டைப்-சி டாங்கிளே போதும், போனிலோ லேப்டாப்பிலோ சொருகும் குட்டி ஆம்ப் அது. லேப்டாப்பில் ஒரு வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான், வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொன்னால் கவனம். பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த டாங்கிள் முழுச் சத்தம் தராது. போனில்தான் கேட்பேன் என்றால் வேறு டாங்கிள் பாருங்கள். எச்இ400எஸ்இயும் இதில் லேப்டாப்பில் 107 டெசிபல் வரை போகும், கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான். அதற்கு ஃபியோ கேஏ11 மாதிரி, 32 ஓமில் 200 மில்லிவாட் தரும் டாங்கிள் தாராளம். மேசை ஆம்ப் இந்த இரண்டுக்கும் தேவையில்லை.

வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்பில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறதே என்பீர்கள். பலவற்றில் ஸ்பீக்கர் லைனையே பெரிய ரெசிஸ்டர் வழியாக அதற்குக் கொடுத்திருப்பார்கள், நூற்றுக்கணக்கான ஓம். 560எஸ்ஸை அதில் சொருகினால் பாஸ் என்கிற அடிச்சத்தம் வீங்கி, நாதஸ்வரத்தோடு சுருதிக்கான ஒத்தும் சேர்ந்து குழம்பும்.

ஒரு தடவை நானும் மேசை ஆம்ப்புக்கு ஆசைப்பட்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகன் கொண்டுவந்து கொடுத்தான். அடாப்டரில் 120 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்ததை, புகை வந்த பிறகுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன்.

மாமா மகனுக்கு 560எஸ்ஸும் டாங்கிளும் சொன்னேன். தள்ளுபடி வரும்வரை பொறு என்றும் சொன்னேன். நான் எச்இ400எஸ்இயை வைத்துக்கொண்டேன், எனக்கு வில்லுப்பாட்டுப் பைத்தியம். அண்ணாச்சி ஒருநாள் அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கால் மணி நேரம் குடத்தைக் கேட்டார். நடுவில் மூடிய கண்ணைத் திறக்காமலே, "காப்பி ஆறுதாம், ஒங்க அம்மா கீழருந்து கூப்பிடுதா, போய் எடுத்துட்டு வாடே" என்றார்.