சாலை ஏற ஏற வீடு இறங்கியது: மடிப்பாக்கத்தில் ஒரு பழைய வீடு, ஐந்தாண்டு அனுபவம்

2021 ஜனவரியில் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீட்டை வாங்கினோம். அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை. 1998இல் கட்டிய தரைத்தளம் 950 சதுர அடி, பின்னாளில் எழுப்பிய மாடி அறை 350 சதுர அடி. விலை 72 லட்சம். வாங்கும் முன் வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டினேன். ஒரு குறையும் இல்லை என்றார். அது உண்மைதான். காகிதத்தில் இந்த வீட்டுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

விற்றவர் நல்ல மனிதர். பேச்சுவாக்கில் தன் கிரகப்பிரவேசப் படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் அவரும் மனைவியும் வாசலில் நிற்கிறார்கள். காலடியில் மூன்று படிகள். நான் வீட்டைப் பார்க்கப் போனபோது வாசலில் ஒரே ஒரு படிதான் இருந்தது. எவ்வளவு இளமையாக இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தேன். படிகளை எண்ணியிருக்க வேண்டும். மற்ற இரண்டு படிகள் எங்கும் போகவில்லை, சாலைக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டிக் கொட்டி, 23 ஆண்டுகளில் சாலை ஒரு முழத்துக்கு ஏறியிருந்தது.

முதல் செலவு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கையை விட்டுப் போகும்போதுதான் உறைக்கிறது. அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். (பதிவுக் கட்டணத்தை 2023 ஏப்ரலில் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைக்கும் குறைந்தபட்ச மதிப்பை, ஏற்றியதால் வாங்குபவருக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.) நான் கட்டியது 7 லட்சத்து 92 ஆயிரம். வங்கி இந்தத் தொகையை வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் கொடுக்காது. ஆக 50 லட்சம் கடன் போக, 22 லட்சம் முன்பணத்தோடு இதையும் கையிலிருந்தே போட்டேன். வாங்கும் விலை 50 லட்சத்தைத் தொட்டால், அதில் ஒரு சதவீதத்தைப் பிடித்து விற்பவர் பெயரில் வருமான வரியாகக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருடையது. மறந்தால் தாமதக் கட்டணம் நம் தலையில் விழும். பத்திரம் எழுதியவர்தான் நினைவூட்டினார்.

முதல் ஆண்டிலேயே மராமத்து 3 லட்சத்து 40 ஆயிரத்தைத் தின்றது. மொட்டைமாடியில் பழைய தட்டோடு விரிசல் விட்டு, கூடத்துச் சுவரில் ஓதம் இறங்கியிருந்தது. தட்டோட்டையும் அதன் அடியில் இருந்த சுருக்கியையும் (செங்கல்தூள், சுண்ணாம்புக் கலவை) பெயர்த்து எடுத்து நீர்க்காப்புப் பூசி மறுபடி ஓடு பதிக்க 1 லட்சத்து 35 ஆயிரம். ஏசி போட்ட அன்றே பழைய ஒயர் சூடேறி வாடை அடித்ததால் வீடு முழுக்கப் புது ஒயரிங், 95 ஆயிரம். மீதியைக் குளியலறையும் கரையானும் பங்கு போட்டுக்கொண்டன. கரையானைப் பற்றி ஒரு வார்த்தை: கதவு நிலைக்கு வண்ணம் பூசி அழகாக வைத்திருந்தார்கள். அம்மா விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு நிலையையும் தட்டிப் பாருங்கள்.

இவை எல்லாம் பழைய வீட்டின் இயல்பு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சுவருக்கு உள்ளே இருப்பதைக் காசு கொடுத்தால் சரி செய்துவிடலாம். வெளியே இருப்பதை என்ன செய்வது என்பது 2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு பெய்த மழையில்தான் தெரிந்தது.

அன்று தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. வாசலில் நான் மணல் மூட்டைகளை அடுக்கிக் காவல் இருந்தேன். அது பின்னால் குளியலறைத் துவாரம் வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தெருவில் நீர் மட்டம் உயர்ந்ததும் செப்டிக் டேங்க் நிறைந்து, குழாய் வழியே வீட்டுக்குள் திரும்பிவிட்டது. எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தினேன். ஓரளவு பயன் உண்டு. ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதை யாரும் சொல்லவில்லை.

பாதாளச் சாக்கடை இணைப்பு அப்போது எங்கள் தெருவுக்கு இல்லை. மழைக்காலம் வந்தால் கழிவுநீர் லாரிக்கு ஓட்டம்தான். ஒரு நடை 1,800 ரூபாய். காலையில் உறிஞ்சிக்கொண்டு போவார்கள், மாலைக்குள் தொட்டி மறுபடி நிரம்பிவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டில் இதெப்படி என்று திகைத்தபோது லாரிக்காரர்தான் விளக்கினார்: பழைய செங்கல் தொட்டி, நிலத்தடி நீர் ஏறியதும் அது வெளியிலிருந்து ஊறி உள்ளே வருகிறது. பூமியின் தண்ணீரை 1,800 ரூபாய் கொடுத்து இறைத்துக்கொண்டிருந்தேன். அதே வீட்டின் ஆழ்துளைக் கிணறு மே மாதத்தில் காற்று வாங்கும், மோட்டார் எரியும், ரீவைண்டிங் கடைக்குப் போகும். எங்கள் ஊரில் நீர் மட்டத்துக்கு நிதானம் கிடையாது.

இதற்கு நடுவே வேறொரு மட்டமும் ஏறியது. கடன் வாங்கியபோது வட்டி 6.9 சதவீதம், 20 ஆண்டுகள், மாதத் தவணை 38,464 ரூபாய். ரெப்போ விகிதத்தோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைந்த கடன். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, என் வட்டி 9.4. தவணைத் தொகை மாறவே இல்லை என்பதால் நான் கவனிக்கவும் இல்லை. மார்ச்சில் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கட்டிய 38,464இல் 37 ஆயிரத்துக்கு மேல் வட்டிக்கே போயிருந்தது. அசலில் கழிந்தது ஆயிரத்துச் சொச்சம். அந்தப் போக்கில் போனால் கடன் முடிய இன்னும் 37 ஆண்டுகள் ஆகும். எனக்கு அப்போது வயது 44. வங்கியில் கேட்டபோது, தவணையை ஏற்றுவதாக இருந்தால் நானே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், தவணை 46 ஆயிரம் ஆயிற்று. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரருக்குத் தேர்வு கொடுக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில்தான் உத்தரவிட்டது. 2025இல் வட்டி இறங்கியபோதும் நான் தவணையைக் குறைக்கவில்லை.

சொத்து வரியைப் பற்றிப் பலர் புலம்புகிறார்கள். 2022இல் எங்கள் பகுதியில் 1,201 முதல் 1,800 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 75 சதவீதம் ஏற்றினார்கள். அந்த மாடி அறை இல்லாவிட்டால் 50 சதவீதத்தோடு தப்பியிருப்போம். அரையாண்டுக்கு 2,100 இருந்தது 3,675 ஆனது. மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் இது ஒரு செலவே இல்லை.

பிறகு மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3, ஞாயிறு இரவு தொடங்கிய மழை மறுநாள் முழுக்க நிற்கவில்லை. திங்கள் காலை நான்கு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் அளவு, எட்டு மணிக்குத் தொடை அளவு. ஐந்து பேரும் மாடி அறையில் நான்கு நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். வரியில் என்னை மாட்டிவிட்ட அறைதான் அன்று உயிரைக் காத்தது. குளிர்சாதனப் பெட்டி மிதந்து சாய்ந்ததை மாடிப்படியில் நின்று பார்த்தேன். அதற்குள் ஒரு வாரத்துக்கான மாவும் தயிரும் இருந்தன என்று என் மனைவி சொன்னது ஏனோ இன்னும் நினைவில் இருக்கிறது. சலவை இயந்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி, கட்டில்கள், ஊறிப் பிளந்த பிளைவுட் அலமாரிகள், ஸ்கூட்டர் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 85 ஆயிரம் போயிற்று. நிவாரணமாக ரேஷன் கடையில் 6,000 ரூபாய் வந்தது. காப்பீடு இருக்கிறதே என்று வங்கிக் கோப்பை எடுத்தேன். கடனோடு சேர்த்து என் தலையில் கட்டியிருந்த அந்தக் காப்பீடு நான் இறந்தால் கடனை அடைப்பதற்கானது. வீடு மூழ்கினால் அதற்குக் கவலை இல்லை. வெள்ளத்துக்கும் சேர்த்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரலிலிருந்தே எல்லா நிறுவனங்களிலும் கிடைக்கிறது. அதைப் பிறகுதான் எடுத்தேன்.

விற்றுவிடலாமா என்று ஒரு மாதம் பேசினோம். வெள்ளத்துக்குப் பிறகு வந்து பார்த்த இருவரும் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை முதலில் பார்த்தார்கள், பிறகு படியை எண்ணினார்கள். எனக்கு வராத புத்தி அவர்களுக்கு இருந்தது. 2024 ஏப்ரலில் வீட்டைத் தூக்குவது என்று முடிவு செய்தோம்.

இதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஹரியாணாவிலிருந்து வந்த குழு. சுவர்களை ஒட்டி அடித்தளம் வரை தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை உருவி, அந்த இடத்தில் இரும்புச் சட்டமும் திருகு ஜாக்கியும் வைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 180 ஜாக்கிகள். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும். பிறகு இடைவெளியைக் கட்டி நிரப்புகிறார்கள். “வீட்டைக் கட்டிப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், தூக்கிப் பார் என்று யாரும் சொல்லவில்லையே” என்றார் அம்மா. மூன்றடி ஏற்ற 40 நாள் ஆனது. வீடு அசையவில்லை. வேலையைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை எல்லாம் விலைப்பட்டியலில். சதுர அடிக்கு 280 ரூபாய், 1,300 சதுர அடிக்கு 3 லட்சத்து 64 ஆயிரம் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். தூக்குவது சுவர்களைத்தான், தரை கீழேயே இருந்துவிடும் என்பது எனக்குப் புரியவில்லை. மூன்றடி ஆழத்துக்கு மண் நிரப்பி, கெட்டித்து, மறுபடி டைல்ஸ் ஒட்ட 3 லட்சத்து 10 ஆயிரம். குழாய்கள், சம்ப், புது செப்டிக் டேங்க், வாசற்படி, கேட் எல்லாவற்றுக்கும் 2 லட்சத்து 40 ஆயிரம். விரிசல் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் 1 லட்சத்து 60 ஆயிரம். இரண்டரை மாத வாடகைக்கும் சாமான் ஏற்றி இறக்கவும் 70 ஆயிரம். மொத்தம் 11 லட்சத்து 44 ஆயிரம். ஒப்பந்தத்தில் இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். யாராவது தூக்கப் போகிறீர்கள் என்றால் சதுர அடி விலையைக் கேட்காதீர்கள், தரை யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

பதிவுச் செலவிலிருந்து கூட்டினால், வட்டியைத் தவிர்த்தே 25 லட்சத்துக்கு மேல் இந்த வீட்டில் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். வாடகை வீட்டில் இருந்தபோது ஒவ்வொரு ஜூன் மாதமும் உரிமையாளர் முகத்தைப் பார்க்கக் கூசிய நாட்கள் இப்போது இல்லை, அம்மாவின் முருங்கை இருக்கிறது, ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். இவற்றுக்கு விலை போடத் தெரியவில்லை. அதனால் லாபமா நட்டமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது எங்கள் பக்கத்துக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த மழையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் முன்பு எங்கள் மனையில் கொஞ்சம் தங்கிய நீரும் சேர்ந்து, பக்கத்து வீட்டில் வழக்கத்தைவிட முன்னதாகவே ஏறிவிட்டது. அவர்கள் அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வீட்டு அண்ணன் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜாக்கி வைத்தவர்களின் எண்ணைக் கேட்டார். தரைக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். வேலை முடிந்த அன்று கூடத்துத் தரை சாலையைவிட 3 அடி 6 அங்குலம் உயரத்தில் இருந்தது. 2025இல் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய எங்கள் தெருவுக்குப் புதுத் தார் போட்டார்கள். அன்று மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். 3 அடி 4 அங்குலம்.