நுரை அடங்கிய பிறகு: கழிப்பறை நுரைப்பொடியுடன் பத்து மாதங்கள்

அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றிய நாளில் மாலை வரை இருமிக்கொண்டே இருப்பார். கதவைச் சாத்தினாலும், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அந்த நெடி எப்படியோ கூடத்துக்கு வந்துவிடும். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே அடுத்த மாதமும் அதே பாட்டிலை நான் வாங்கி வந்திருக்கிறேன். அது உறுத்தியதால்தான், தண்ணீர் பட்டதும் நுரைத்துப் பொங்கும் நுரைப்பொடிக்கு மாறினேன். மாறிப் பத்து மாதங்கள் ஆகின்றன. வீட்டில் இரண்டு கழிப்பறைகள் இருக்கின்றன. ஒன்று உட்காரும் கோப்பை, மற்றது குந்தி அமரும் பீங்கான். இந்தக் காலத்தில் மூன்று வெவ்வேறு தயாரிப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். உள்ளே இருக்கும் சரக்கு மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் பெயர்களைச் சொல்லவில்லை.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தால் நான்கு பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், சோடியம் பெர்கார்பனேட், சோப்பைப் போல நுரைக்கும் ஒரு பொருள். இவற்றோடு கொஞ்சம் வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் சோடாவும் அமிலமும் சண்டை போட்டுக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியே தள்ளுகின்றன. பெர்கார்பனேட் கரைந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. அந்தப் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் வருகிறது. நுரைக்கும் பொருள் இந்த வாயுக்களைச் சிறு சிறு குமிழ்களாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பொங்கல் அவ்வளவுதான்.

முதல் நாள் பொங்கலைப் பார்த்து அசந்துபோனேன். மூன்று மேசைக்கரண்டி போட்டதும் அரை நிமிடத்தில் நுரை விளிம்பு வரை ஏறி, வெள்ளை மெத்தைபோல நின்றது. பத்து நிமிடம் கழித்து ஃப்ளஷ் செய்தேன். கோப்பை பளிச்சென்று இருந்தது, ஆனால் நீர்மட்டத்தில் இருந்த பழுப்பு வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது. நுரை ஏறிய வேகத்தைப் பார்த்துக் கறையும் அதே வேகத்தில் போய்விடும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

நுரைக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ள, சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் தனியே வாங்கிக் கலந்து பார்த்தேன். சீறல் பிரமாதமாக இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கி, தெளிந்த தண்ணீர்தான் மிஞ்சியது. பிடித்து வைக்க நுரைக்கும் பொருள் இல்லாததால் வாயு சும்மா பறந்துவிட்டது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சரியான அளவில் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 192 கிராம் சிட்ரிக் அமிலத்தை முழுவதும் தீர்க்க 252 கிராம் சோடா போதும். பிறகு மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் என்ற உப்பு, தண்ணீர், பறந்துபோன வாயு. கறையைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவோடு மோதியே தீர்ந்துவிடுகிறது. ஆகவே பொடியில் உண்மையாக உழைப்பது பெராக்சைடும் சோப்புப் பொருளும்தான். அவற்றைச் செங்குத்தான பீங்கான் சுவரில் வழிந்துவிடாமல் ஒட்டவைத்திருப்பது நுரையின் வேலை. இது சிறிய வேலை அல்ல. திரவம் ஊற்றினால் கால் நிமிடத்தில் அடியில் போய்ச் சேர்ந்துவிடும் என்பதை நினைத்தால் அதன் அருமை தெரியும்.

இது புரிந்த பிறகு என் முறை மாறியது. கோப்பைக்குள் தேங்கியிருக்கும் தண்ணீர்தான் பொடியின் முதல் எதிரி, ஏனென்றால் மருந்தை நீர்த்துப்போக வைத்துவிடும். இப்போது ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஒரே வீச்சில் ஊற்றுகிறேன். அது உள்ளே இருப்பதையும் இழுத்துக்கொண்டு போய், நீர்மட்டம் நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. பிறகு சுவரை மட்டும் நனைத்துப் பொடியைத் தூவி, மேலே ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரைச் சுற்றி ஊற்றுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் பெர்கார்பனேட் சோம்பேறித்தனமாக வேலை செய்யும். 40 டிகிரிக்கு மேல் போனால்தான் சுறுசுறுப்பு வரும். ஆனால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றவே கூடாது. பீங்கான் திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம்.

எவ்வளவு நேரம் விடுவது என்பதையும் ஒரு மாதம் சோதித்துப் பார்த்தேன். ஒரு வாரம் பத்து நிமிடம், மறுவாரம் அரைமணி நேரம், அதற்கடுத்த வாரம் இரவு முழுவதும். பத்து நிமிடத்தில் மேலோட்டமான அழுக்கும் வாடையும் போயின. அரைமணியில், நீர்மட்டத்துக்கு மேலே அடிக்கடி வரும் இளஞ்சிவப்பு வழுவழுப்புப் படலம் பிரஷ் தொட்டதும் கழன்றது. அது ஒருவகைப் பாக்டீரியா வளர்ந்து உண்டாகும் படலம். பொடி இதில் ஆசிடுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. இரவு முழுவதும் விட்டபோது அரைமணிக்கு மேல் பெரிய ஆதாயம் ஒன்றும் கிடைக்கவில்லை. பெராக்சைடு அதற்குள் தன் ஆக்சிஜனைக் கொடுத்து முடித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே அரைமணி என்று நிலைநிறுத்திக்கொண்டேன்.

விளிம்பின் அடிப்பக்கம் தனிக்கதை. தண்ணீர் இறங்கும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன, கருப்பு அழுக்கு ஒளிந்திருப்பதும் அங்கேதான். நுரை தானாக ஏறி அதையும் துடைத்துவிடும் என்று விளம்பரப் படங்கள் காட்டுகின்றன. என் அனுபவத்தில் நுரை விளிம்பைத் தொடுகிறதே தவிர துளைக்குள் போவதில்லை. வளைந்த கழுத்துள்ள பிரஷால் நுரையை அள்ளி மேல்நோக்கி அழுத்தித் தேய்த்தால்தான் அங்கே சுத்தமாகிறது. கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஒருமுறை அப்படிப் பார்த்துவிடுங்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் அங்கே கலைந்துவிடும்.

இப்போது அந்தப் பழுப்பு வளையத்துக்கு வருகிறேன். அது அழுக்கே அல்ல. கடின நீரிலிருந்து படிந்த சுண்ணாம்பும், சிறுநீரின் உப்புகளும் அடுக்கடுக்காக இறுகிய கல். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் லிட்மஸ் தாள் வாங்கி, பொடி கரைந்த நீரில் நனைத்துப் பார்த்தேன். நான் வாங்கிய மூன்றிலும் சிவப்புத் தாள் நீலமானது. அதாவது கரைசல் காரத்தன்மை கொண்டது. சுண்ணாம்பைக் கரைக்க வேண்டியது அமிலம். காரத்தை ஊற்றி எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சுண்ணாம்பு அசையாது. உங்கள் வீட்டில் வளையம்தான் பிரச்சினை என்றால், பொடியை நம்பிக் காத்திருக்கும் முன் இந்த ஒரு தாள் சோதனை உங்களுக்குப் பல மாத ஏமாற்றத்தை மிச்சப்படுத்தும்.

எனக்குக் கைகொடுத்தது தனி சிட்ரிக் அமிலம்தான், சோடா கலக்காமல். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் நூறு கிராம் கரைத்து, காகிதக் கைக்குட்டைகளை அதில் நனைத்து வளையத்தின் மேல் ஒட்டி, இரவு விட்டுவிட்டேன். நீர்மட்டத்தை இறக்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். காகிதம் போட்ட சில நொடிகளில் ஓரத்தில் பொடிப்பொடிக் குமிழ்கள் வந்தன. சுண்ணாம்பு கரைவதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மூன்று இரவுகளில் வளையம் மெலிந்து, நான்காம் காலை பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளியபோது துண்டாகக் கழன்று விழுந்தது. உலோகக் கத்தியோ கம்பி பிரஷோ வேண்டாம். பீங்கானின் கண்ணாடிப் பூச்சு கீறினால், அடுத்த படிவு அந்தக் கீறலில்தான் முதலில் உட்காரும். இன்னொரு எச்சரிக்கை: அந்தக் கரைசல் பளிங்குத் தரையில் சிந்தினால் தரை மங்கிவிடும். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லின் உறவுதான். அம்மாவுக்கு இந்த அமிலத்தால் இருமல் வரவில்லை, புகை எழவே இல்லை.

கோப்பையின் ஒரு பக்கம் செங்காவி நிறத்தில் வழிந்த கோடு ஒன்றும் இருந்தது. தண்ணீரில் இருக்கும் இரும்பு அது. நுரைப்பொடி அதைத் தொடக்கூட இல்லை. சிட்ரிக் அமிலம் அதையும் மெல்ல மெல்லக் கரைத்தது.

குந்தி அமரும் பீங்கானில் பொடி பாதி வெற்றிதான். பரந்த, ஆழமில்லாத அமைப்பு என்பதால் நுரை பரவி மெலிந்துபோகிறது. பாதம் வைக்கும் மேடுகளின் பள்ளங்களில் பொடியைத் தூவி, ஈரத் துணியை விரித்து மூடினால் நன்றாக ஊறுகிறது. குழியின் வாய்க்குள் ஒரு கரண்டி போட்டு, அரைமணி கழித்துத் தண்ணீர் ஊற்றினால் வாடை இரண்டு மூன்று நாளுக்கு எட்டிப்பார்ப்பதில்லை.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறு செய்திருக்கிறேன். இரண்டாம் மாதம் ஒரு நாள், வீட்டுக்கு வந்த உறவினர் காலையில் குளோரின் பிளீச் திரவத்தை ஊற்றிவிட்டு அரைகுறையாக ஃப்ளஷ் செய்திருந்தார். எனக்குத் தெரியாது. மாலையில் பொடியைப் போட்டதும் மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. பொடியிலுள்ள அமிலம் குளோரின் வாயுவைக் கிளப்பியிருக்க வேண்டும். மூச்சை அடக்கி ஃப்ளஷ் செய்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று உள்ளே அம்மா இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அன்றே பிளீச் பாட்டிலை வீட்டை விட்டே அகற்றினேன். பொடிக்கு முன் இரண்டு முறை ஃப்ளஷ் செய்வது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இன்னொரு தவறு டப்பாவில் நடந்தது. பொட்டலத்திலிருந்து பொடியைக் கொட்டி, இறுக்கி மூடும் டப்பாவில் வைத்திருந்தேன். ஈரக் கரண்டி ஒன்று உள்ளே போயிருக்கிறது. இரண்டு நாளில் டப்பா உப்பிக்கொண்டு, திறக்கும்போது மூடி ‘டப்’ என்று எகிறியது. உள்ளே பொடி கல்லாக இறுகியிருந்தது. நீர் ஒரு துளி போனாலும் வாயு கிளம்பும், அதற்குப் போக வழி வேண்டும். அதனால் உலர்ந்த கரண்டி, உலர்ந்த அலமாரி, இறுக்கம் குறைந்த மூடி. பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் அடைத்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது வெடிக்கும். கொட்டும்போது எழும் தூசு கண்ணையும் தொண்டையையும் எரிக்கிறது. முகத்தைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, டப்பாவைத் தாழப் பிடித்துக் கொட்ட வேண்டும். கையுறை போடாமல் செய்த நாள்களில் விரல் நுனி வறண்டு உரிந்தது. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் உயரமான, பூட்டும் அலமாரி வேண்டும். சில தயாரிப்புகள் இனிப்புத் தூள்போல நிறமாக இருக்கின்றன.

செலவழிவதைப் பொறுத்தவரை, கோப்பைக்கு வாரம் ஒருமுறை மூன்று மேசைக்கரண்டி, பீங்கானுக்கு இரண்டு. இதற்கு மேல் போட்டுப் பார்த்தேன், நுரை அதிகமானதே தவிர சுத்தம் கூடவில்லை. ஃப்ளஷ் தொட்டியில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே பொங்கினால் வழிய இடம் தேடும், ரப்பர் பாகங்களுக்கும் நல்லதல்ல.

கல்லாக இறுகிய வளையமும் செங்காவிக் கறையும் உள்ளவர்கள் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். புதிய கோப்பை வைத்திருப்பவர்களும் ஒருமுறை நன்றாகச் சுண்ணாம்பு எடுத்து முடித்தவர்களும் வாராவாரம் போட்டால் வளையம் உருவாக நெடுநாள் பிடிக்கும். நான் இப்போது வாரம் பொடி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலம் என்று நடத்துகிறேன். ஆசிட் பாட்டில் இப்போது வீட்டில் இல்லை.

ஒன்பதாம் மாதம் நான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கோப்பை கழுவிச் சுத்தமாக இருந்தது. அம்மாதான் செய்திருக்கிறார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அரைமணி கடிகாரம் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். அன்று மாலை அவர் இருமவில்லை. அலமாரியில் டப்பாவின் மூடி லேசாக மூடியிருந்தது. பக்கத்தில் கரண்டியைக் காயத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.