இருவர் உண்ணும் மேசைக்கு உருளியா, சம்பங்கியா, கொட்டாங்குச்சியா?

திருமண நாளுக்கு வெளியே போகாமல் வீட்டிலேயே இரவு உணவு என்று நாங்கள் முடிவெடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. மேசை நடுவில் எதை வைப்பது என்பதில் மட்டும் வருடா வருடம் தகராறு. பிளாஸ்டிக் ரோஜாவும் மினுக்குத் தாளும் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மிச்சமிருந்த மூன்று வழிகளையும் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

முதல் வருடம் சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்த செடிதான். ஆனால் இன்று நம் ஊர்க் கல்யாண மாலையை அது இல்லாமல் யார் கட்டுகிறார்கள்? பொழுது சாய்ந்ததும் மணம் கூடும் பூ என்பதால் இரவு உணவுக்குப் பொருத்தம் என்று நம்பி, பித்தளைச் சொம்பில் ஐந்து தண்டுகளை நிறுத்தினேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எதிரே இருப்பவரின் முகமே தெரியவில்லை. “குழம்பை இந்தப் பக்கம் தள்ளு” என்று பூவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். மணிக்கட்டுக்கு மேலே போகும் எதுவும் இருவர் மேசைக்கு ஆகாது. தண்டைக் குட்டையாக வெட்டினாலும் அந்த மணம் விடாது. அன்று வஞ்சிரக் குழம்பு வேறு. இரண்டு வாசனைகளும் மோதிக்கொண்டதில் இரண்டும் தோற்றன. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தண்டில் மொட்டுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிவதால் சில நாட்களுக்கு அழகு குறையாது. வரவேற்பறைக்கு அது அரசி.

அடுத்தது கொட்டாங்குச்சி விளக்கு. செலவே இல்லை, உழைப்பு உண்டு. பாதி ஓட்டின் நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு துளி எண்ணெய் தடவினால் கருங்காலி போல மின்னும். உருண்டு விடாமல் இருக்கக் கயிற்றைச் சுற்றி ஒரு சின்னப் பிரிமணை செய்து அதன்மேல் வையுங்கள். உள்ளே முக்கால் அளவு தண்ணீர், மேலே விரல் கனத்துக்கு எண்ணெய், நடுவில் தக்கையில் செருகிய திரி. எண்ணெய் தீர்ந்ததும் சுடர் தண்ணீரைத் தொட்டுத் தானே அணையும். திரி விளிம்புக்கு ஒதுங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். கொட்டாங்குச்சி அடுப்பில் எப்படி எரியும் என்பது தெரிந்ததுதானே. ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் நல்லெண்ணெய் ஊற்றலாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும்.

அந்த வெளிச்சத்தில் யாருடைய முகமும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மின்விசிறியைப் போட்டால் சுடர் அணையும். நிறுத்தினால் வியர்வை நெற்றியிலிருந்து தட்டில் சொட்டும். தை மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பாக்கியசாலிகள். எங்களுடையது வைகாசி.

ஆக, அகல வாய்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பூக்களை மிதக்கவிடும் உருளி. வெண்கலம்தான் வேண்டும் என்றில்லை. அகலமான மண்சட்டி இன்னும் அழகு, சிவப்புக்குப் பக்கத்தில் எந்த வெள்ளைப் பூவும் எடுப்பாகத் தெரியும். உயரம் நான்கு விரற்கடை, எனவே பார்வையை மறைக்காது. விசிறிக் காற்றில் பூக்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். விளக்குக்குப் பகையான காற்று இங்கே வேலைக்காரன். பூக்களைக் குறைவாகப் போடுங்கள். தண்ணீர் தெரிய வேண்டும், இல்லையென்றால் அது குப்பைக்கூடைபோல ஆகிவிடும்.

எந்தப் பூ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாமரை வாங்கி வருவார்கள். அது பொழுது சாய்ந்தால் கூம்பும் பூ. நீங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் அது தூங்கப் போயிருக்கும். வெள்ளை அல்லி நேர் எதிர், இரவில்தான் விரியும். குளத்தங்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. பன்னீர் ரோஜாவின் இதழ்கள் நிற்காமல் உதிரும், ஆனால் உதிர்ந்த இதழும் மிதக்குமே, அதனால் குற்றமில்லை. செண்டுமல்லி வேண்டாம், கல்யாண மண்டப வாசலில் சாப்பிடுவது போல இருக்கும்.

என் தேர்வு பவழமல்லி. இருட்டியபின் மலர்ந்து விடியலில் தானே உதிரும் பூ. இரவு எட்டு மணிக்கு மரத்தடியில் கைவிளக்கோடு போய் ஒரு கைப்பிடி பறித்து வந்து மிதக்கவிட்டால், வெள்ளை இதழ்களுக்கு நடுவே ஆரஞ்சுக் கண் தெரியும். மணம் மெலிது, சாப்பாட்டோடு சண்டைக்குப் போகாது.

அழகுக்காக எதையும் பறித்து வைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் தீச்சுடர் போலவே இருக்கும், ஆனால் செடி முழுக்க நஞ்சு. அரளியும் அப்படியே. குன்றிமணியைத் தூவினால் சிவப்பும் கறுப்புமாக அள்ளிக்கொண்டு போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை மேசைப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

பவழமல்லி பூக்காத மாதங்களுக்கு முல்லை மொட்டு. மாலை ஐந்து மணிக்கு உதிரியாக நூறு கிராம் வாங்கிச் சட்டியில் பாதியைப் போடுங்கள், சாப்பிட உட்காரும்போது விரிந்திருக்கும். மீதிப் பாதியைக் கட்டித் தலையில் வைத்துக்கொள்ளலாம்.