செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்கான பாடப்பொருட்கள்: எது கைகொடுக்கிறது, எது கைவிடுகிறது

கணினிப் பாதுகாப்புத் துறையில் காலெடுத்து வைக்க விரும்புவோர் பலர் முதலில் எழுதும் தேர்வு, காம்ப்டியா நிறுவனம் நடத்தும் செக்யூரிட்டி பிளஸ். 2023 நவம்பரில் வெளியான எஸ்ஒய்0-701 பதிப்பையே இந்த மதிப்பீட்டில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய 601 பதிப்பு 2024 ஜூலையுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 750 பெற்றால் தேர்ச்சி. இந்த 750 என்பது சதவீதக் கணக்கு அன்று என்பதால், எத்தனை கேள்விக்குச் சரியாக விடையளித்தால் போதும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

இத்தேர்வுக்காக நான் பயன்படுத்தியவை மூன்று வகை: காம்ப்டியாவே வெளியிடும் பாடத்திட்ட ஆவணம், ஜேம்ஸ் மெஸ்ஸரின் இலவசக் காணொளிகள், பணம் கொடுத்து வாங்கிய இரண்டு மாதிரித் தேர்வுத் தொகுப்புகள். முதல் இரண்டும் இலவசம் என்பதாலேயே பலர் அவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள். ஆனால் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவது அந்த மூன்றாவது வகையில்தான். ஆகவே இந்த மதிப்பீட்டில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

பாடத்திட்ட ஆவணம் எதையும் கற்பிப்பதில்லை. எதைக் கற்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஐந்து பிரிவுகளில் பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு 28 சதவீதம், அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் என்ற பிரிவுக்கு 22, நிர்வாகமும் மேற்பார்வையும் என்ற பிரிவுக்கு 20, பாதுகாப்புக் கட்டமைப்புக்கு 18, பொதுக் கருத்துகளுக்கு 12 என்று பகிர்ந்திருக்கிறார்கள். தாக்குதல் வகைகளில் ஆர்வம் கொண்டு வருபவர்கள் கொள்கை, இடர் மதிப்பீடு, ஒப்பந்தம், தணிக்கை ஆகியவை அடங்கிய நிர்வாகப் பிரிவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது வழக்கம். ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் அங்கே இருக்கிறது என்பதை இந்த ஆவணம் ஒன்றுதான் முகத்துக்கு நேரே சொல்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: சில வரிகள் 'விளக்குக' என்ற அளவில் நிற்க, வேறு சில 'ஒரு சூழல் தரப்பட்டால்' என்று தொடங்குகின்றன. செய்முறைக் கேள்விகளை, அதாவது விடையைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல் திரையில் ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லும் கேள்விகளை, எதிர்பார்க்க வேண்டியது இந்த இரண்டாம் வகை வரிகளிலிருந்துதான் என்பதால், அவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது. பட்டியலில் உள்ள எடுத்துக்காட்டுகள் முழுமையானவை அல்ல என்று ஆவணமே எச்சரிக்கிறது. கடைசிப் பக்கங்களில் உள்ள சுருக்கெழுத்துப் பட்டியல் மிக நீளமானது, ஆனால் தவிர்க்க முடியாதது.

மெஸ்ஸரின் காணொளிகள் இந்த ஆவணத்தின் வரிசையை அப்படியே பின்பற்றுகின்றன. ஒவ்வொன்றும் சிறியது, பேச்சில் வளவளப்பு இல்லை. டிஜிட்டல் கையொப்பத்தை அனுப்புபவர் தம்மிடம் மட்டுமே இருக்கும் தனிச் சாவியால் இடுகிறார், பெறுபவர் அனுப்பியவர் எல்லோருக்கும் தரும் பொதுச் சாவியால் சரிபார்க்கிறார் என்பதைப் போன்ற, தொடக்கநிலையினர் திரும்பத் திரும்பக் குழம்பும் இடங்களில் அவர் நிதானமாக நிற்கிறார். இத்தகைய பாடத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய கொடை.

ஆனால் பார்த்தது புரிந்ததும், புரிந்தது கைவந்ததும் ஒன்றாகிவிடாது. காணொளி முடிந்ததும் கணினியில் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்ப்பவருக்கே பாடம் தங்குகிறது. ஒரு சிறிய உரைக் கோப்பை எடுத்து அதன் ஷா-256 ஹாஷை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபடியும் கணக்கிடுங்கள். 64 இலக்கங்கள் கொண்ட அந்த வரிசை அடையாளமே தெரியாமல் மாறியிருப்பதைக் கண்ணால் கண்டவர், கோப்பு திருத்தப்பட்டதைக் கண்டுபிடிக்க ஹாஷ் ஏன் உதவுகிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இனி மாதிரித் தேர்வுகள். இரண்டு தொகுப்புகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்வி ஒன்று இருந்தது. ஒரு நிறுவனத்தின் உள்நுழைவுப் பதிவேட்டில், ஒரே ஐபி முகவரியிலிருந்து வெவ்வேறு பயனர் பெயர்களில் தோல்வியுற்ற முயற்சிகள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. ஒரு கணக்குக்கு ஒரு முயற்சிக்கு மேல் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே கடவுச்சொல்தான் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. இது எந்த வகைத் தாக்குதல் என்பது கேள்வி. விடை பாஸ்வேர்டு ஸ்பிரேயிங். முதல் தொகுப்பு இதற்குத் தந்த விளக்கம், அந்தச் சொல்லின் ஒருவரி வரையறை மட்டுமே. சரியாக விடையளித்தவருக்கு அது தேவையில்லை, தவறாக விடையளித்தவருக்கு அது போதாது.

இரண்டாவது தொகுப்பு நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசியது. புரூட் ஃபோர்ஸ் என்றால் ஒரே கணக்கின் மீது பல கடவுச்சொற்கள் முயலப்பட்டிருக்கும், சில தோல்விகளுக்குப் பின் அந்தக் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டில் சிக்காமல் தப்பிக்கத்தான் தாக்குபவர் கணக்கு கணக்காகத் தாவுகிறார். கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்றால் வேறெங்கோ கசிந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஜோடியாக வரும், ஆகவே கடவுச்சொல் ஒவ்வொரு வரியிலும் வேறாக இருக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கணக்கு வாரியாகத் தோல்விகளை எண்ணினால் இந்தத் தாக்குதல் கண்ணில் படாது, முயற்சி புறப்படும் முகவரி வாரியாக எண்ண வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஒரு கேள்வியில் மூன்று தாக்குதல்களையும் ஒரு தற்காப்பையும் கற்றுத் தரும் விளக்கம் இது. மாதிரித் தேர்வுக்குக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான். கேள்விகளின் எண்ணிக்கைக்காக அன்று.

உண்மைத் தேர்வின் இயல்பும் இந்த வகை விளக்கத்தையே கோருகிறது. அங்கே தரப்படும் நான்கு விடைகளில் இரண்டோ மூன்றோ நியாயமானவையாகவே இருக்கும். 'முதலில்', 'மிகப் பொருத்தமான' என்ற ஒற்றைச் சொல்தான் விடையைத் தீர்மானிக்கும். தீநிரல் தொற்றிய கணினியைக் கண்டறிந்தவுடன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், அதை வலையமைப்பிலிருந்து துண்டிப்பது, மென்பொருளை மறுபடி நிறுவுவது, காப்பு நகலிலிருந்து மீட்பது, நடந்ததிலிருந்து பாடம் கற்பதற்கான கூட்டம் நடத்துவது ஆகிய நான்குமே செய்ய வேண்டியவைதாம். கட்டுப்படுத்துதல், அகற்றுதல், மீட்டல், பாடம் கற்றல் என்ற வரிசை மனத்தில் இருப்பவர் துண்டிப்பதைத் தேர்ந்தெடுப்பார். மற்ற மூன்றும் எந்தக் கட்டத்துக்கு உரியவை என்று சொல்லாத தொகுப்பு, தேர்வரை ஊகத்திலேயே விட்டுவிடுகிறது.

கணக்குக் கேள்விகளில் இரண்டு தொகுப்புகளுமே திருப்தியாக இருந்தன. 1,00,000 மதிப்புள்ள சர்வர் ஒரு விபத்தில் 40 சதவீத மதிப்பை இழக்கும் என்றால் ஒரு முறை இழப்பு 40,000. அந்த விபத்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை நேரும் என்றால் ஆண்டு இழப்பு 8,000. ஆகவே ஆண்டுக்கு 8,000-க்கு மேல் செலவாகும் தற்காப்பு, இந்தக் கணக்கின்படி நியாயப்படாது. சூத்திரம் எளிது, அதை வைத்து எடுக்கும் முடிவையும் கேட்கும் கேள்விகளே பயனுள்ளவை.

செய்முறைக் கேள்விகளில் இரண்டு தொகுப்புகளுமே ஏமாற்றின. ஃபயர்வால் (வலையமைப்புக்குள் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பு) விதிகளை வரிசைப்படுத்துவது, பதிவேட்டைப் படித்துத் தொற்றிய கணினியைச் சுட்டுவது போன்றவற்றை வெறும் நான்கு விடைக் கேள்விகளாகச் சுருக்கிவிட்டார்கள். இதைக் காகிதத்தில் ஈடுகட்டலாம். ஒரு வெப் சர்வருக்கு, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான வாயிலான 443-ஆம் போர்ட் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிப்பதற்கான 22-ஆம் போர்ட் நிர்வாகியின் வலையமைப்புக்கு மட்டும், மற்ற அனைத்தும் மறுக்கப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டு விதிகளை எழுதுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும் என்பதால், 'அனைத்தும் மறு' என்ற வரியை மேலே வைத்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

உண்மைத் தேர்வின் கேள்விகளையே தருவதாகச் சொல்லி விற்கப்படும் திருட்டுத் தொகுப்புகளை வாங்கவே கூடாது. காம்ப்டியா இவற்றைத் தடை செய்திருக்கிறது. பயன்படுத்தியது தெரிந்தால் பெற்ற சான்றிதழையே ரத்து செய்ய முடியும். பிறருடைய தகவல்களைக் காக்கும் பொறுப்பைக் கேட்டு வருபவர் திருடிய கேள்வித்தாளுடன் உள்ளே வருவதை என்னால் எவ்வகையிலும் ஏற்க முடியவில்லை. தவிரவும், அவற்றில் விடைகளே தவறாக இருந்தாலும் கேட்பாரில்லை.

காம்ப்டியாவின் வலையமைப்புத் தேர்வான நெட்வொர்க் பிளஸ் அளவிலான அறிவும் இரண்டாண்டு அனுபவமும் இருப்பது நல்லது என்று அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது, கட்டாயம் இல்லை. அனுபவம் இல்லாதவரும் தேறலாம். ஆனால் ஐபி முகவரி, போர்ட், இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஆகியவை புதிதாக இருப்பவர் முதலில் அவற்றை முடித்துவிட்டு வருவதே நேர்வழி.

தேர்வறையில் செய்முறைக் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். அவற்றைக் குறியிட்டுத் தாண்டிச் சென்று, மற்றவற்றை முடித்தபின் திரும்பி வருவதற்குத் திரையிலேயே வசதி உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் வெறுமையாக விடக் கூடாது. மதிப்பெண் முடிந்த கையோடு தெரிந்துவிடும். தேறாதவர் இரண்டாம் முறை எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை, மூன்றாம் முறைக்கு 14 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் உண்டு. மறுவாய்ப்பையும் சேர்த்து விற்கப்படும் தேர்வுச் சீட்டு, வலையமைப்பு அடிப்படை இல்லாமல் எழுத முனைபவருக்கு மட்டுமே தேவைப்படும் என்பது என் கருத்து. மாதிரித் தேர்வுகளில் தவறான விடைகளை ஏன் நீக்கினோம் என்று காரணத்தோடு சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.