காலில் நாளம் எடுத்த காயம்: ஸ்டேப்பிளா, தோலடித் தையலா?

இதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்காகக் காலில் நாளம் எடுத்த நீண்ட காயத்தை உலோக ஸ்டேப்பிளால் சில நிமிடங்களில் மூடிவிடலாம்; தானாகக் கரையும் நூலால் இடும் தோலடித் தையலுக்கு நேரமும் கைப்பக்குவமும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஸ்டேப்பிளைப் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களில் அதற்குரிய கருவியால் கழற்ற வேண்டியிருப்பதால், கண்டியில் சிகிச்சை முடித்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பியவர், வீங்கிய காலை பஸ் இருக்கைகளுக்கிடையே மடக்கிக்கொண்டு வளைவுப் பாதையில் மீண்டும் பயணிக்க நேரலாம். (தோட்ட வைத்தியசாலையில் அக்கருவி உண்டா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது.) தையலில் அந்த அலைச்சல் இல்லை. எனினும் சீழ் பிடித்தால் ஓரிரு ஸ்டேப்பிளை மட்டும் கழற்றி வடியவிடுவது எளிது. தொற்று அபாயத்தை நீரிழிவு, புகைப்பழக்கம், உடற்பருமன் ஆகியவை பெரிதும் கூட்டுகின்றன. சீனி கட்டுப்பாட்டில் உள்ளவருக்குத் தையலே ஏற்றது என்பது என் கருத்து.