சுங்கை சிப்புட்டுப் பெரியவர்களுக்கு எது தோது: இல்லமா, வீட்டு உதவியா?

பால் மரம் சீவிய காலம் முடிந்து, பிள்ளைகளும் கோலாலம்பூர், ஜொகூர் என்று போன பிறகு, தோட்ட லயத்திலோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிலோ தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அரசு காட்டும் வழி இரண்டு.

ஒன்று, சமூகநல இலாகாவின் முதியோர் இல்லமான 'ருமா ஸ்ரீ கெனாஙான்'. சுங்கை சிப்புட்டு இருக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் இருக்கிறது. (தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே பாட்டிகளுக்கு மனநல மருத்துவமனைதான் ஞாபகம் வரும்; அது வேறு, இது வேறு.) சாப்பாடு, படுக்கை, ஆள்துணை எல்லாம் உண்டு. ஆனால் வயது 60 ஆகியிருக்க வேண்டும், வாரிசு இருக்கக் கூடாது, தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும். பேருக்கு ஒரு மகன் இருந்தாலே சிக்கல். படுத்த படுக்கையானவர்களுக்கு 'ருமா எசான்' இருக்கிறது. அதற்குச் சிலாங்கூரில் உள்ள கோலா குபு பாருவுக்கோ திரெங்கானுவில் உள்ள டுங்குனுக்கோ போக வேண்டும். சொந்தபந்தம் வந்து பார்க்கிற தூரமா அது?

இன்னொன்று, வீட்டிலேயே இருப்பது. வசதியில்லாத முதியோருக்கான உதவித்தொகை 2025-இல் மாதம் 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆனது. தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து உதவும் திட்டமும் உண்டு. கோயில், பழகிய கடை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சரி, ராத்திரி குளியலறையில் விழுந்தால் யார் தூக்குவது? தன்னார்வலர் வருவது எப்போதோ ஒருமுறை.

என் ஓட்டு வீட்டுக்குத்தான். ஆனால் இப்போது இருக்கிற மாதிரி இல்லை. பணத்தை மட்டும் கொடுக்காமல், சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற ஆளைத் தினமும் இரண்டு மணி நேரம் அனுப்பட்டும். தமிழ் பேசுகிறவராக இருந்தால் பாட்டி மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுவார்.